மூன்று ஆட்டுக்கு ஒரு டின்

காலை ஆறேகால் மணிக்கு எங்கள் பேக்கரியின் பின்வாசலில் ஒரு பழைய மொபெட் வந்து நிற்கும். வண்டியை அணைத்துவிட்டு, இறங்காமல், ஹேண்டில்பாரில் இரண்டு கையையும் ஊன்றி ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருப்பாள் வெள்ளைத்தாய். பிறகுதான் இறங்குவாள். ஆறு வருஷமாக இதைப் பார்க்கிறேன். தூங்கி எழுந்தவர்களுக்கு ஒரு முகம் இருக்குமே, அது அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. விடியும்போதே பாதி நாள் வேலை பார்த்து முடித்தவள் மாதிரித்தான் இருப்பாள். உண்மையும் அதுதான்.

என் பெயர் ரஹ்மத் நிஷா. பாளையம்பட்டியில் பேக்கரி வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் அப்துல் பாரி பதினாலு வருஷம் சவூதியில், தம்மாமில் ரொட்டி சுட்டார்; ஊருக்கு வந்தும் ரொட்டிதான் சுடுகிறார். அடுப்பு அவருக்கு, கல்லா எனக்கு. எனக்கு வாய் நீளம் என்று தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும். வாயில்லாமல் ஒருநாள் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, வெள்ளைத்தாயைப் பற்றி. நடுவில் நானும் வருவேன். வராமல் தப்பிக்க வழியிருந்தால் தப்பித்திருப்பேன்.

பேக்கரி என்றால் மிச்சம் இல்லாமல் இருக்காது. ரொட்டி அறுக்கும்போது விழுகிற ஓரம், உடைந்த பிஸ்கட், ரஸ்க் தூள், விற்காமல் கடைகளிலிருந்து திரும்பி வருகிற பன். முன்பெல்லாம் சாயங்காலம் ஒரு கூடை நிறையக் கொண்டுபோய்ப் பின்பக்கம் கொட்டுவோம். தெரு நாய்கள் தின்னும். ஒருநாள் எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்த இவள், அந்தக் கூடையைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தாள்.

“அக்கா, இத நாய்க்குக் கொட்டுறதுக்கு எனக்குக் குடுக்கிறீகளா?”

வாடின முகம், சாயம் போன சேலை. பாவம், வயிற்றுக்கு இல்லாமல் கேட்கிறாள் என்று நினைத்து, இரண்டு புதுப் பன்னை எடுத்துக் காகிதத்தில் சுற்றி நீட்டினேன். அவள் கையை நீட்டவே இல்லை.

“எனக்கு இல்லக்கா. ஆட்டுக்கு.”

“ஆட்டுக்கா? இன்னைக்குப் பன்னு கேக்கும், நாளைக்கு டீ கேக்குமே.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கூடையில் இருந்ததை ஒரு சாக்கில் தட்டிக்கொண்டு, வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனாள். மறுநாள் மொபெட்டில் வந்தாள்.

நரிக்குடிப் பக்கம் ஆட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள். கல்யாணம் செய்து கொடுத்தது எங்கள் ஊரிலிருந்து உள்ளே போகிற மண் ரோட்டில் இரண்டு மைல் தள்ளி ஒரு சின்ன ஊருக்கு. புருஷன் காசிராஜன் போர் போடுகிற ரிக் வண்டியில் வேலை. வடக்கே மாதக்கணக்கில் போய்விடுவார். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, பத்து நாள் தூங்கிவிட்டுத் திரும்பப் போவார். ஒரே மகள் சுகப்பிரியா, திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. மற்றபடி அவளும் ஆடுகளும்தான். எல்லாம் செம்மறி.

முதலில் அவளும் மேய்க்கத்தான் செய்தாள். அறுப்பு முடிந்த காடு, தண்ணீர் வற்றின கண்மாய் என்று ஆட்டின் பின்னால் நடப்பாள். பிறகு காடெல்லாம் கல் நட்டு பிளாட் ஆனது. மிச்சம் இருந்ததில் கம்பி வேலி வந்தது. அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழையும் இல்லை. “தின்னுற நேரத்தவிட நடக்கிற நேரந்தான்க்கா கூட. தின்னதெல்லாம் நடையிலயே போயிருது” என்பாள். அவளுடைய முட்டியும் அந்த நடையிலேயே போய்விட்டது. பாதி ஆட்டை விற்றுவிட்டு, மீதியைப் பட்டியிலேயே கட்டிப்போட்டுத் தீனி வைக்க ஆரம்பித்தாள். கட்டிப்போட்ட ஆட்டுக்குச் சோளம் வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகுமா? அப்போதுதான் கால்நடை டாக்டர் கனகலட்சுமி அவளிடம் சொல்லியிருக்கிறார்: சோளத்தில் இருக்கிற எரிசத்து ரொட்டித் துண்டிலும் இருக்கிறது, பருப்பு மில்லில் உளுந்துத் தோலும் நொய்யுமாகப் பொட்டு கிடைக்கும், அதையும் சேர்த்துக்கொள், ஆனால் அளவு தவறக் கூடாது.

அளவு தவறக் கூடாது என்பது அவளுக்குச் சொன்னதும் புரியவில்லை. முதல் மாதமே, ஆசையாகத் தின்கிறதே என்று ஒரு சாக்கை அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டாள். இரண்டு ஆடு செத்தது. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்து ஒரு ரொட்டி அச்சு கேட்டாள். நசுங்கிப்போன கால் கிலோ அச்சு ஒன்று மூலையில் கிடந்தது, கொடுத்தேன். அன்றிலிருந்து அதுதான் அவளுக்கு டின். மூன்று ஆட்டுக்கு ஒரு டின். குமித்து இல்லை, தலை தட்டி.

அவள் வேலை செய்கிற விதத்தை ஒருநாள் போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் கவரையெல்லாம் உரித்துப் போடுவாள். ஸ்டேப்ளர் பின் இருந்தால் பிடுங்குவாள். பூசணம் பூத்த துண்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிவாள். மிச்சத்தைத் தார்ப்பாயில் பரப்பி மொறுமொறுவென்று காயவைத்து, இடித்து, பொட்டையும் உப்பையும் கலந்து மூடி வைப்பாள். காலையில் சோளத்தட்டை, பன்னிரண்டு மணிக்குக் கடலைக்கொடி, மூன்று மணிக்கு டின். இதில் ஒன்றும் முன்னே பின்னே ஆகாது. ரொட்டி ஓரத்தை நானே இவ்வளவு பக்குவமாகப் பார்த்ததில்லை. அவள் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே எனக்கு இடுப்பு வலித்தது.

“ஏன் இப்பிடி உயிர விடுற? அள்ளிப் போட வேண்டியதுதான?” என்று கேட்டேன்.

“உங்க மாவு மாதிரிதான்க்கா ஆட்டு வயிறு. பதமாப் போட்டா பதமாப் பொங்கும். ஒரேயடியாக் கொட்டுனா புளிச்சு, உள்ள எல்லாம் வெந்துபோகும்.”

இருபது வருஷமாக மாவோடு மாவாகக் கிடக்கிறவள் நான். ஈஸ்ட் ஒரு கரண்டி கூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவள் சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன்.

இந்த டின் வந்த பிறகு அவளுக்கு லீவு என்பதே போய்விட்டது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் தாலி கட்டினதும் பஸ் ஏறிவிடுவாள். பந்தியில் உட்கார மாட்டாள். ஆறு வருஷத்தில் ஒரு ராத்திரி வெளியே தங்கினதில்லை. சுகப்பிரியாவின் முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் நடந்தது. ஒரு பக்கம் பச்சை உடம்புக்காரி, ஒரு பக்கம் பட்டி. நாற்பது நாளும் இரண்டுக்கும் நடுவில் ஓடினாள். பெற்றவளைவிட இவள்தான் இளைத்துப்போனாள்.

இரண்டாவது பிரசவம் திருப்பூரில் என்று முடிவாயிற்று. மகள் போனில் கேட்டாளாம், ஒரு மூன்று நாள் வந்து கூட இரும்மா, பிள்ளையை முதலில் நீ தூக்கு என்று. இதை வெள்ளைத்தாய் என்னிடம் சாக்கைக் கட்டிக்கொண்டே சொன்னாள். போகப் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

“போயேன் வெள்ளத்தாயி. நீ ஒருத்தி இல்லன்னா ஆடு பட்டினி கெடந்து செத்துருமா? நான் பாத்துக்கிறேன்.”

“உங்களுக்குக் கடை இருக்கேக்கா.”

“கடை எங்க ஓடப்போகுது. நம்ம ஜெயபாண்டி லோடு வண்டி தெனம் அந்தப் பக்கந்தான போகுது. ஏறி வந்துட்டுப் போறேன்.”

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நம்பலாமா என்று பார்த்தாளோ என்னவோ. வெள்ளிக்கிழமை என்னைப் பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தண்ணீர் வைக்கவும், காலையில் தட்டை போடவும், சாயங்காலம் படலை அடைக்கவும் பக்கத்து வீட்டில் ஆள் சொல்லியிருந்தாள். கொடியும் டின்னும் என் பொறுப்பு.

“இருபத்தேழு ஆடு. ஒம்பது டின்னு. மொதல்ல கொடி. கொடியத் தின்னு, படுத்து அசபோடணும். அதுக்கப்புறந்தான் டின்னு. பத்தலைன்னு கத்தும், கத்தட்டும். வேற எதையும் காட்டாதீக.”

அந்த நேரம் பார்த்து என் மகள் அஸ்பியா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிச்சயம். பந்தல்காரன் வந்து நிற்கிறான் என்றாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே வெள்ளைத்தாய்க்குத் தலையை ஆட்டினேன். அவள் மறுபடியும் ஒருதடவை முதலிலிருந்து சொன்னாள். மறுபடியும் ஆட்டினேன்.

சனிக்கிழமை விடியற்காலம் அவள் பஸ் ஏறினாள். அன்றைக்கு நான் எல்லாம் சரியாகவே செய்தேன். கொடி, டின், தலை தட்டி. ஒன்பது டின்னும் போன சுவடு தெரியாமல் போயிற்று. தொட்டியை நக்கிவிட்டு இருபத்தேழு தலையும் என்னைப் பார்த்துக் கத்தின. எனக்கு மனசு கேட்கவில்லை. என்னைக் கேட்டால் அவள் கஞ்சத்தனம் பண்ணுகிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். வாயில்லாத ஜீவனை இப்படி அரை வயிற்றில் வைத்திருக்கிறாளே என்று வண்டியில் வரும்போது ஜெயபாண்டியிடமும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் நன்றாகவே நடந்தது. ஆனால் நூறு பேர் வருகிறோம் என்ற மாப்பிள்ளை வீட்டில் கடைசி நேரத்தில் ஒரு மௌத்து; சாவு வீட்டுக்குப் பாதிப் பேர் போய்விட்டார்கள். நாற்பது பேர்தான் வந்தார்கள். பெரிய அண்டாவில் நெய்ச்சோறு பாதிக்கு மேல் அப்படியே நின்றது. தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்தோம். மதரஸாவுக்கு அனுப்பினோம். அப்படியும் இரண்டு பெரிய பாத்திரம் நிறைய மிச்சம். எங்கள் வீட்டில் சோற்றைக் கொட்டுகிற வழக்கம் கிடையாது. கொட்டினால் வீட்டில் பரக்கத் போய்விடும் என்று என் அம்மா தரையில் விழுந்த பருக்கையைக்கூடப் பொறுக்குவார். எனக்கும் அதே கை. அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கொடி போடப் போக முடியவில்லை. மூன்று மணிக்கும் முடியவில்லை. ஆடு பசியோடு நிற்குமே என்ற குற்ற உணர்ச்சி வேறு. எல்லாம் சேர்ந்து எனக்கு அப்படி ஒரு யோசனையைக் கொடுத்தது. ஐந்து மணிக்கு ஜெயபாண்டியைக் கூப்பிட்டு இரண்டு பாத்திரத்தையும் வண்டியில் ஏற்றச் சொன்னேன்.

“அக்கா, அந்தக்கா வேற எதையும் காட்டாதீகன்னு சொல்லுச்சுல்ல?” என்றார் ஜெயபாண்டி.

“சோறுப்பா இது. வெஷமா? மனுசன் திங்கிறதத்தான் குடுக்கிறோம். அதுவும் ஒரு நாளு நல்லாத் தின்னட்டும்.”

அவர் பாத்திரங்களைத் தூக்கி வண்டியில் வைத்தார். என்னிடம் யார் பேச முடியும்?

சோற்றைத் தொட்டி நெடுகக் கொட்டினோம். காலையில் போட்ட தட்டையோடு நின்ற ஆடுகள். மூச்சு விடாமல் தின்றன. ஒன்று கூடத் தலையைத் தூக்கவில்லை. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. மகள் நிச்சயத்தன்றைக்கு இருபத்தேழு உயிர் வயிறாரத் தின்றது, இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. ஆடு எந்திரிக்க மாட்டேங்குது என்றார்கள். நான் போய்ப் பார்க்கும்போது முக்கால்வாசி ஆடு படுத்துக் கிடந்தது. வயிறு தண்ணீர் ரொப்பின தோல்பை மாதிரி தளும்பியது. பல்லை நறநறவென்று கடித்தன. பட்டி முழுக்கப் புளித்த மாவு வாடை. அந்த வாடை எனக்குத் தெரியாததா? எங்கள் கடையில் மாவு கெட்டுப்போனால் வருகிற அதே வாடை. உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

டாக்டர் கனகலட்சுமி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஒரு ஆட்டின் இடுப்புப் பள்ளத்தில் கையை வைத்து அழுத்தினார்.

“என்ன குடுத்தீங்க?”

“வழக்கமான டின்னுதான் டாக்டரம்மா.”

பொய். வாய் நீளக்காரிக்கு அன்றைக்கு வந்தது பொய்தான். அவர் நம்பவில்லை. வேறு ஏதாவது கொல்லைக்குள் போனதா, பயிர் மருந்து ஏதாவது கிடந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, சுற்றிச் சுற்றித் தேடினார். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி கூடவே தேடினேன். அரை மணி நேரம் போயிற்று. அதற்குள் இரண்டு ஆடு கண்ணை மூடிவிட்டது. கடைசியில் அவர் தொட்டியின் மூலையில் ஒட்டிக்கிடந்த ஒரு பிரிஞ்சி இலையை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

“எவ்வளவு சோறு?”

சொன்னேன். அவர் திட்டவில்லை. நேரமில்லை.

“சமையல் சோடா எவ்வளவு கிடைக்கும்? உடனே வேணும்.”

பேக்கரியில் சோடா உப்புக்கா பஞ்சம்? என் வீட்டுக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு இருந்த மூட்டையோடு வந்து சேர்ந்தார். தண்ணீரில் கரைத்து, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, ஒவ்வொரு ஆடாகத் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கவைத்தோம். டாக்டர் ஒவ்வொன்றாக ஊசி போட்டுக்கொண்டே வந்தார். உயிர் இருக்கும்போதே அறுக்கக் கொடுத்துவிடுங்கள் என்று கறிக்கடைக்காரர் ஒருவர் வந்து படலோரம் நின்றார். என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்த பார்வையில் போய்விட்டார். பத்து மணிக்கு ஏழு செத்திருந்தது. அதற்குமேல் தள்ளிப்போட முடியாமல் வெள்ளைத்தாய்க்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. சுகப்பிரியாவை அப்போதுதான் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

அழுதுகொண்டே சொன்னேன். நான் முடித்ததும் அவள் கேட்டாள்.

“எத்தன?”

“இப்ப வரைக்கும் ஏழு.”

“என்ன போட்டீக?”

“சோறு.”

பிறகு சொன்னாள்: “டாக்டரம்மாவ விட்றாதீக. வாரேன்.”

பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்தாள். கையில் பையோடு படலைத் திறந்துகொண்டு நேரே உள்ளே போனாள். ஓரமாக வரிசையில் கிடத்தி, சாக்கு போட்டு மூடியிருந்தோம். சாக்கை விலக்கி ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்தாள். பன்னிரண்டு. பார்த்து முடித்துவிட்டு, உயிரோடு இருந்த பதினைந்தின் வயிற்றையும் தொட்டுப் பார்த்தாள். நான் சுவரில் சாய்ந்து விக்கி விக்கி அழுதேன்.

“அழுதுக்கிட்டு நிக்காதீகக்கா. அந்தப் பாட்டிலப் பிடிங்க” என்றாள்.

அவ்வளவுதான் பேசினாள். அவள் என் முடியைப் பிடித்து இழுத்திருக்கலாம். ஊரைக் கூட்டியிருக்கலாம். அதற்கெல்லாம் அவளிடம் தெம்பு இல்லை.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு மொபெட் வந்து நின்றது. வராது என்று நினைத்திருந்தேன். வழக்கம்போல ஹேண்டில்பாரில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஒரு நிமிஷம் இல்லை, ரொம்ப நேரம். நான்தான் பின்வாசலுக்குப் போனேன். என்ன பேசுவதென்று தெரியாமல், பிள்ளை பிறந்துவிட்டதா என்று கேட்டேன்.

“பொறந்துருச்சு. பொம்பளப் புள்ள. நான் பையத் தூக்கிட்டுக் கெளம்புறப்ப நர்சம்மா துணியில சுத்தித் தூக்கிட்டுப் போனாக. நின்னு பாக்க நேரமில்ல. பஸ்ஸுக்கு ஆட்டோ நிக்குது. ஒரு காலு மட்டும் வெளிய தெரிஞ்சது. அதத்தான் பாத்தேன்.”

சாக்கை விரித்தாள். பாதி சாக்கு நிறைந்ததும் போதும் என்றாள். பதினைந்து ஆட்டுக்கு ஐந்து டின்தானே.

என் வீட்டுக்காரர் அடுத்த வாரமே எட்டுக் குட்டி வாங்கிக்கொண்டுபோய்க் கட்டினார். வேண்டாம் என்று வீறாப்புக் காட்ட அவளுக்கு வசதி இல்லை. வாங்கிக்கொண்டாள். “டின்னுக்குப் பழகுன ஆட்ட எங்க போயி வாங்குவீக பாய்? இதுகளுக்கு மொத இருந்து பழக்கணும்” என்று மட்டும் சொன்னாள். குட்டிக்கு ஒரு விரல் நுனி அளவில் ஆரம்பித்து, நாள் கணக்காகக் கூட்ட வேண்டுமாம். பழகும் வரைக்கும் வயிற்றை நிரப்பக் கொடிதான். அவளுக்கு இன்னொரு வேலை கூடிப்போனது. நான் பொய் சொன்ன அந்த அரை மணி நேரத்தைப் பற்றி அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. டாக்டரம்மாவும் சொன்னதாகத் தெரியவில்லை.

பிள்ளையின் போட்டோவைச் சுகப்பிரியா போனில் அனுப்புவாள். வெள்ளைத்தாய் அதைப் பின்வாசலில் நின்று, வெளிச்சத்துக்குக் கையால் மறைத்துக்கொண்டு பார்ப்பாள். என்னிடமும் காட்டுவாள். மகள் வருத்தத்தில் இருக்கிறாள் என்று நானாகவே புரிந்துகொண்டேன். ஆட்டுக்காக விட்டுட்டுப் போயிட்டியே என்று ஒருநாள் போனில் கேட்டது எனக்கே வெளியில் கேட்டது. வெள்ளைத்தாய் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நாற்பது நாள் கழிந்திருக்கும். ஒருநாள் காலையில் சாக்கை வண்டியில் கட்டிவிட்டுக் கிளம்பாமல் நின்றாள்.

“நாளைக்கழிச்சு திருப்பூர் போறேங்க்கா. ஒரு நாளு. புள்ளயத் தூக்கிட்டு வந்துர்றேன்.”

“போயிட்டு வா. ஆட்ட யாரு பாக்குறா?”

“நீங்கதான் பாக்கணும்.”

பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“என்னையா? என்னைய நம்பியா விட்டுட்டுப் போற?”

“நம்பிக்கையெல்லாம் இல்லக்கா.” கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். “எனக்கு வேற ஆளு இல்ல. நான் ஒரு நாளு போயிட்டு வரணும்.”

வண்டியில் மாட்டியிருந்த பைக்குள் கையை விட்டு அந்த நசுங்கின ரொட்டி அச்சை எடுத்து என் கையில் வைத்தாள். “சொல்லுங்க” என்றாள். நான் சொன்னேன். பன்னிரண்டு மணிக்குக் கொடி. தின்று, படுத்து, அசைபோட வேண்டும். மூன்று மணிக்கு டின். ஐந்து டின், தலை தட்டி. எட்டுக் குட்டியும் தனியாக, அதுகளுக்கு அன்றைக்குக் கொடி மட்டும். கத்தும், கத்தட்டும். வேறு எதையும் காட்டக் கூடாது. மூன்று தடவை சொல்லவைத்தாள். என்னை அப்படி நிற்கவைத்துப் பாடம் கேட்டவர்கள் யாருமில்லை. வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டேன்.

அன்றைக்குக் கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு விடிந்ததும் பட்டிக்குப் போய்விட்டேன். தட்டையையும் தண்ணீரையும் நானே வைத்தேன். பன்னிரண்டு மணிக்குக் கொடி போட்டேன். ஆடுகள் தின்றுவிட்டுப் படுத்தன. ஒவ்வொன்றின் தாடையும் அசைகிறதா என்று எண்ணினேன். பதினைந்தும் அசைந்தன. நானும் அங்கேயே வேப்ப மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு முன்னால் போன் செய்கிறேன், நான் சொன்ன பிறகு டின்னை எடுங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். இரண்டே முக்காலிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மூன்று ஆயிற்று. ஆடுகள் ஒவ்வொன்றாக எழுந்து தொட்டிப் பக்கம் வந்தன. எனக்கு அவள் சொல்லாமல் டின்னைத் தொடப் பயமாக இருந்தது. இந்த வயதில் ஒரு ரொட்டி அச்சைத் தொட எனக்குப் பயம். நானே போன் செய்தேன்.

சுகப்பிரியா எடுத்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அம்மா தூங்குறாங்க அத்தை. பதினோரு மணிக்கு வந்தாங்க. பிள்ளையக் குடு, பிள்ளையக் குடுன்னு கையக் கால அலம்பிட்டு வந்து உக்காந்தாங்க. மடியில போட்டேன். நான் பால் காய்ச்சிட்டு வந்து பாக்குறேன், செவுத்துல சாஞ்சபடியே தூங்கிட்டாங்க. பிள்ளையும் மடியிலயே தூங்குது. சோறு கூட இன்னும் திங்கல. மூணுக்கு முன்னாடி உங்களுக்குப் போன் பண்ணணும்னு வந்ததுமே சொன்னாங்க. எழுப்பவா?”

“எழுப்பாத. நான் சரியாப் பாத்துக்கிறேன், நீ எழுப்பாத” என்றேன்.

சொல்லிக்கொண்டே அச்சைக் கையில் எடுத்தேன், ஆடுகள் பார்த்துவிட்டன. பதினைந்தும் சேர்ந்து கத்தத் தொடங்கின. அந்தச் சத்தம் அவள் காதுக்குப் போனால் போதும், எழுந்துவிடுவாள். நான் அவசரமாகப் போனை அணைத்துவிட்டு முதல் டின்னை எடுத்துத் தலை தட்டினேன்.